பிடுங்கிப் போடாதீர்கள், அது பொடுதலை!

குடியிருப்போர் சங்கக் கூட்டம் என்றால் தில்லித் தமிழர்களாகிய நாம் எங்கே உட்காருவோம் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கடைசி வரிசை. டீயும் ஸமோஸாவும் வரும்வரை இருப்போம். தீர்மானத்துக்குக் கை தூக்கச் சொன்னால் தூக்குவோம். கேட்ட பணத்தைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, "இவங்க இப்படிப் பண்றாங்களே" என்று மனைவியிடம் தமிழில் குறைப்பட்டுக்கொள்வோம். நானும் 25 வருஷங்களுக்கு மேலாக இந்த வழக்கத்தை வழுவாமல் கடைப்பிடித்து வந்தவன்தான். அது தவறு என்று எனக்குப் புரியவைத்தது ஒரு செடி. அந்தச் செடிக்காகப் பரிந்து பேசத்தான் இந்தக் கட்டுரை.

செடியின் பெயர் பொடுதலை. நம் ஊர்ப் பக்கம் வயல் வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் குளத்தங்கரையிலும் தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்குமே, அதுதான். பொடுகு போக எண்ணெய் காய்ச்சுவார்கள். உளுத்தம்பருப்பு, மிளகாய், புளியோடு வதக்கித் துவையலும் அரைப்பார்கள். யாரும் விதை வாங்கி வளர்த்ததில்லை. தண்ணீர் ஓடுகிற இடமெல்லாம் அது தானாகவே இருந்தது.

2022-ஆம் ஆண்டு மார்ச் மாதம் கும்பகோணம் பக்கத்திலிருந்து என் தாயார் வந்திருந்தார். யமுனைக்குக் கிழக்கே இருக்கும் எங்கள் குடியிருப்பில் நடுவே ஒரு பூங்கா உண்டு. அங்கே சாயங்காலம் நடக்கும்போது மாலி ஒருவர் குந்தி உட்கார்ந்து எதையோ கொத்துக் கொத்தாகப் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அப்படியே நின்றுவிட்டார். "ஏண்டா, பொடுதலையைப் போய்ப் பிடுங்கறானே, வேண்டாம்னு சொல்லுடா!"

நான் அதுவரை அதைப் பார்த்ததே இல்லை. தினமும் இரண்டு வேளை அதன்மேல் நடந்திருக்கிறேன் என்பது வேறு விஷயம். மாலியிடம் கேட்டேன். "ஜல்பிப்பலி, பாபுஜி. எங்கள் கிராமத்திலும் உண்டு. நல்ல பூட்டி. ஆனால் கமிட்டி பிடுங்கச் சொல்லிவிட்டதே" என்றார். அம்மா பிடுங்கிப் போட்டதில் ஒரு கை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டார். அவருக்கு ஹிந்தி தெரியாது, மாலிக்குத் தமிழ் தெரியாது. அந்தச் செடியை மட்டும் இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்த மாதம் சங்கக் கூட்டம். பூங்காவில் களை மண்டிவிட்டது, அதை மருந்தடித்து ஒழித்துவிட்டு கார்பெட் புல் விரிக்க வேண்டும், வீட்டுக்கு 500 ரூபாய் என்று தீர்மானம். எனக்குச் சொல்ல ஒரு விஷயம் இருந்தது. ஆனால் என் ஹிந்தியில் ஆண்பாலும் பெண்பாலும் இன்றுவரை இடம் மாறித்தான் வரும். அத்தனை பேர் முன்னால் ஒரு களைச்செடிக்காக எழுந்து நின்று சிரிப்புக்கு இடமாவானேன் என்று இருந்துவிட்டேன். கையும் தூக்கினேன். ஜூலையில் பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிய புல் லாரியில் வந்து இறங்கியது. பூங்கா பச்சைப் பசேலென்று கல்யாண மண்டபத்துக் கம்பளம் மாதிரி ஆயிற்று. எல்லாருக்கும் சந்தோஷம்.

நாங்கள் மேல் மாடியில் குடியிருப்பவர்கள். மொட்டை மாடியில் பழைய டிரம்மில் வருஷா வருஷம் பரங்கிக்கொடி போடுவது என் மனைவியின் வழக்கம். அந்த வருஷம் ஆகஸ்டில் கொடி நிறையப் பூத்தது. பெண்பூவின் கீழே கோலிக்குண்டு அளவில் பிஞ்சும் இருந்தது. ஆனால் நான்கைந்து நாளில் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தது. ஒன்று, இரண்டு அல்ல, வரிசையாக. பரங்கியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றொன்றுக்குத் தேனீ எடுத்துப் போனால்தான் காய். பூ விடியற்காலையில் மலர்ந்து வெயில் ஏறினால் வாடிவிடும். அந்த நேரத்துக்குள் தேனீ வந்தாக வேண்டும். வரவில்லை.

பிறகு காலை ஆறு மணிக்கு மாடிக்குப் போய், ஆண்பூவைக் கிள்ளி, இதழை நீக்கிவிட்டு, பெண்பூவின் நடுவில் நானே தடவ ஆரம்பித்தேன். மூன்று காய் தேறியது. தேனீ சம்பளம் வாங்காமல் செய்கிற வேலையை ஓய்வூதியம் வாங்கும் நான் செய்தேன். பூங்காவில் பொடுதலை போனதால்தான் மாடியில் தேனீ வரவில்லை என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. அந்த வருஷத்து மழை காரணமாக இருக்கலாம், அடித்த மருந்து காரணமாக இருக்கலாம். ஆனால் அந்தச் செடியின் பூவைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொள்ள அதுதான் என்னைத் தூண்டியது.

தாவர நூல்களில் இதற்குப் பெயர் ஃபைலா நோடிஃப்ளோரா. 1753-லேயே லின்னேயஸ் இதற்கு வெர்பீனா நோடிஃப்ளோரா என்று பெயர் வைத்துவிட்டார். நோடிஃப்ளோரா என்றால் கணுவில் பூப்பது என்று பொருள். கணுவில் பூ மட்டுமல்ல, வேரும் விடும். ஈரமண்ணைத் தொட்ட ஒவ்வொரு கணுவும் ஒரு தனிச் செடி. ஒருமுறை பிடித்துவிட்டால் பல ஆண்டு வாழும். நீர் நின்றாலும் அழுகாது. வேர் ஊன்றிய பிறகு சில வாரம் காய்ந்தாலும் சாகாது. ஆற்றங்கரைச் செடிக்கு வெள்ளமும் வறட்சியும் இரண்டுமே பழக்கம்தானே.

பூவைச் சற்றுக் குனிந்து பார்க்க வேண்டும். சுண்டுவிரல் நகத்தளவு தலை. நடுவில் ஊதா நிறத்தில் சிறு கூம்பு, அதைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகக் குட்டிப் பூக்கள் வளையமாக இருக்கும். வளையம் கீழேயிருந்து மேலே ஏறிக்கொண்டே போகும். அதனால் ஒரு தலையே பல நாள் பூக்கும். பூத்து முடிந்த தலை நீண்டு திப்பிலி மாதிரி ஆகும். ஜல்பிப்பலி, அதாவது நீர்த்திப்பிலி என்ற வடக்கத்திப் பெயரின் பொருத்தம் அப்போது தெரியும்.

குட்டிப் பூ என்பதில்தான் விஷயம் இருக்கிறது. ஆழமில்லாத பூவில் நீளமான நாக்கு இல்லாத சிறு உயிர்களும் தேன் குடிக்க முடியும். கட்டைவிரல் நகத்தளவேயுள்ள நீலக் குட்டி வண்ணத்துப்பூச்சிகள், கூட்டமாக வாழாமல் மண்ணில் வளை தோண்டித் தனியாக வாழும் சிறு தேனீக்கள், மரக்கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீ எல்லாம் இதற்கு வரும். இறக்கையில் மயில்கண் போன்ற புள்ளிகள் கொண்ட ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சியை மழைக்காலத்தில் பார்த்திருப்பீர்கள். அதன் புழு தின்னும் செடிகளில் பொடுதலையும் ஒன்று, நம் நீர்முள்ளியும் ஒன்று. தாய்க்குத் தேன், பிள்ளைக்கு இலை என்று இரண்டையும் கொடுக்கும் செடி இது.

கார்பெட் புல் என்ன கொடுக்கிறது? புல்லினம் காற்றை நம்பி மகரந்தம் அனுப்புவது. அதற்குத் தேனீயை அழைக்கவேண்டிய அவசியமில்லை, ஆகவே தேனும் இல்லை. மாதம் இரண்டு முறை மட்டமாக வெட்டுவதால் பூக்கவும் விடுவதில்லை. தேனீயின் கண்ணுக்கு அந்தப் பச்சைக் கம்பளமும் சிமெண்டுத் தரையும் ஒன்றுதான். தண்ணீரோ, கேட்கவே வேண்டாம். மே மாதம் தில்லியில் டாங்கருக்குப் பின்னால் குடத்தோடு ஜனங்கள் ஓடுகிறார்கள். நாம் புல்லுக்குத் தினமும் குழாயைத் திறந்து வைத்திருக்கிறோம்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துச் சொல்லவேண்டும். களை என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டக்கூடாது. காஜர் காஸ் என்று இங்கே சொல்லும் பார்த்தீனியம் வெளிநாட்டிலிருந்து வந்து 1950-களில் இந்தியாவில் பரவ ஆரம்பித்தது. தோலில் பட்டால் அரிப்பு, மூச்சில் பட்டால் தும்மல். அதைப் பூக்கும் முன்னே கையுறை போட்டுக்கொண்டு பிடுங்கவேண்டியதுதான். யமுனையில் மிதக்கும் ஆகாயத்தாமரையின் பூ பார்க்க எவ்வளவு அழகு! அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளின் மூச்சை அடைப்பது. பொடுதலை அப்படி இல்லை. காவிரிக் கரையும் அதற்குச் சொந்த ஊர், யமுனைக் கரையும் சொந்த ஊர். நாம்தான் பிழைப்புக்கு இங்கே வந்தவர்கள். அது நமக்கு முன்பே இங்கே இருந்தது.

யமுனைக் கரையில் இப்போது இடம் எங்கே இருக்கிறது? 1,376 கிலோமீட்டர் ஓடும் ஆற்றில் வஜீராபாதிலிருந்து ஓக்லா வரையுள்ள வெறும் 22 கிலோமீட்டரில்தான் நம் நகரத்துச் சாக்கடையெல்லாம் கலக்கிறது. ஆறு விரிந்து படுத்திருந்த ஈரநிலத்தில் கட்டடமும் சாலையும் வந்துவிட்டன. ஆற்றங்கரைச் செடிக்கு மிச்சமிருப்பவை குடியிருப்புப் பூங்காவின் தாழ்ந்த மூலை, ஒழுகும் குழாயடி, கூலர் தண்ணீர் வடியும் சுவரோரம், இவைதான். அதையும் மருந்தடித்து ஒழித்தால் அது எங்கே போகும்? இதற்கு மாறான முன்மாதிரியும் இதே தில்லியில் இருக்கிறது. வஜீராபாத் அருகே ஜகத்பூரில் தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2002-இல் தொடங்கிய யமுனை பல்லுயிர்ப் பூங்காவைப் போய்ப் பாருங்கள். பாழ்பட்ட நிலத்தில் இந்த ஆற்றுக்கே உரிய செடிகளையும் குளங்களையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். பறவையும் வண்ணத்துப்பூச்சியும் அவையாகவே வந்து சேர்ந்தன.

எங்கள் கார்பெட் புல்லின் கதைக்கு வருகிறேன். 2023 ஜூனில் அது அங்கங்கே வைக்கோலாகிவிட்டது. ஜூலையில் மழை வந்தது. அந்த மழையை யாரும் மறந்திருக்க முடியாது. 9-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் 153 மில்லிமீட்டர். 13-ஆம் தேதி பழைய ரயில் பாலத்தில் யமுனை 208.66 மீட்டர் உயரம் தொட்டு, 1978-இல் பதிவான 207.49 மீட்டரைத் தாண்டியது. ஆற்றுப்படுகையில் காய்கறி போட்டிருந்த குடும்பங்கள் மாட்டோடும் கட்டிலோடும் மேம்பாலத்தடியில் வந்து தங்கியதைப் பார்த்தோம். எங்கள் பூங்காவின் தாழ்ந்த பக்கத்தில் ஒரு வாரத்துக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்தபோது புல் அழுகி நாற்றம். இரண்டு வாரம் கழித்து அந்தச் சேற்றில் சின்னச் சின்னப் பச்சை இலைகள், நுனியில் மட்டும் ரம்பப் பல்லோடு. பொடுதலை. மருந்துக்கும் மண்வெட்டிக்கும் தப்பிய ஏதோ ஒரு கணு மண்ணுக்குள் காத்திருந்திருக்கிறது.

அக்டோபரில் மறுபடியும் கூட்டம், மறுபடியும் புல், இந்தமுறை வீட்டுக்கு 700 ரூபாய். நான் எழுந்தேன். ஹிந்தியில் பால் மாறியது. இரண்டொருவர் சிரிக்கவும் செய்தார்கள். சொல்ல வந்ததைச் சொன்னேன். அதற்கு வந்த ஆட்சேபங்களை இங்கே எழுதுவது நல்லது, ஏனென்றால் உங்களிடமும் இவற்றைத்தான் கேட்பார்கள்.

முதலாவது, குழந்தைகள் விளையாடும் இடத்தில் தேனீ கொட்டாதா? நியாயமான கேள்வி. பூவில் தேன் எடுக்கும் தேனீ தானாக வந்து கொட்டாது, ஆனால் வெறுங்காலால் மிதித்தால் கொட்டும். சிலருக்குத் தேனீக் கொட்டு ஒத்துக்கொள்ளாமல் ஆபத்தாகவும் முடியும். ஆகவே ஊஞ்சல், சறுக்கு இருக்கும் பக்கம் வேண்டாம், ஓரத்து மூலையில் போடுவோம் என்றேன். இரண்டாவது, கொசு வராதா? டெங்கு நகரத்தில் இதைக் கேட்காமல் இருக்கமுடியாது. கொசு முட்டையிடுவது தேங்கி நிற்கும் தண்ணீரில், செடியில் அல்ல. இந்தச் செடிக்கு ஈரமண் போதும், குட்டை வேண்டாம். மூன்றாவது, பாம்பு வராதா? நான்கு விரல் உயரத்துச் செடியில் பாம்பு சுலபமாக ஒளிய முடியாது. நான்காவதை ஒரு அம்மாள் கேட்டார்: "பார்க்க அசிங்கமாக இருக்குமே?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. குளிர்காலத்தில் அது பழுப்பேறி உற்சாகமில்லாமல்தான் இருக்கும். பிப்ரவரி கடைசியில் மறுபடி துளிர்க்கும். எங்கள் ஊர் ஆட்கள் ஜனவரியில் தில்லியில் எப்படி இருப்போமோ அப்படி இருக்கும் என்றேன். அந்த அம்மாளே சிரித்துவிட்டார்.

நான் நினைத்திராத ஒன்று நடந்தது. பின்வரிசையிலிருந்து கிழக்கு உத்தரப் பிரதேசத்துக்காரர் ஒருவர் எழுந்து, "இது எங்கள் ஊர்க் குளத்தங்கரைச் செடி, இருக்கட்டும்" என்றார். அவரும் எங்களைப்போலவே கடைசி வரிசைக்காரர்தான். பூங்கா முழுவதும் கேட்டேன். தாழ்ந்த மூலை கிடைத்தது. ஏறக்குறைய நான்கு கட்டில் போடுகிற இடம். மீதியில் தூப் காஸ், அதாவது நம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லையே விட்டுவிட முடிவாயிற்று. அதற்குப் புது லாரி வேண்டாம். 700 ரூபாய் மிச்சமானதுதான் பலருக்கு என் பேச்சைவிடப் பெரிய காரணம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பூங்கா இல்லாதவர்களும் வளர்க்கலாம். அகலமான தொட்டியோ பழைய பிளாஸ்டிக் டப்போ போதும். ஆழம் ஒரு சாண் இருந்தால் சரி, அடியில் ஓட்டை அவசியம். விதையைவிடத் தண்டே சுலபம். நான்கு கணு உள்ள துண்டாகக் கிள்ளி, இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி படுக்கையாகப் புதைத்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் பத்துப் பதினைந்து நாளில் வேர் பிடிக்கும். பிப்ரவரி கடைசியும், மழை தொடங்கும் ஜூலையும் நல்ல சமயம். தரையில் வைப்பதானால் சாணுக்கு ஒன்று போதும், இடைவெளியை அதுவே நிரப்பிவிடும். நிழலில் இலை வரும், பூ வராது, வெயில் முக்கியம். கோடையில் ஏ.சி. சொட்டும் தண்ணீரை ஒரு குழாய் வைத்துத் தொட்டிக்கு விடுங்கள். வீணாய்ப் போகிற அந்தத் தண்ணீரே எங்கள் மாடித் தொட்டிக்குப் போதுமானதாக இருக்கிறது.

கத்தரிப்பதானால் ஒரே நாளில் முழுவதையும் வெட்டாமல், பாதியை இந்த மாதம், மீதியை அடுத்த மாதம் என்று வெட்டுங்கள், தேனீக்கு எப்போதும் கொஞ்சம் பூ இருக்கும். பக்கத்துப் பாத்திக்குள் புகாமலிருக்க ஓரத்தில் செங்கல் பதியுங்கள். படர்வது அதன் குணம், அதை மறைப்பதற்கில்லை. பக்கத்தில் ஒரு முழம் இடத்தை வெறும் மண்ணாகவே விட்டுவைத்தால் தனித்தேனீக்கள் வளை தோண்டிக்கொள்ளும். பூச்சிமருந்து மட்டும் கூடவே கூடாது. விருந்துக்கு அழைத்துவிட்டு விஷம் வைப்பது போலாகும்.

இன்னொரு எச்சரிக்கை, முக்கியமாகத் துவையல் பிரியர்களுக்கு. யமுனைக் கரையிலோ நாலா ஓரத்திலோ பொது இடத்திலோ பறித்துச் சமைக்காதீர்கள். ஈரநிலச் செடி, நிற்கும் மண்ணிலும் நீரிலும் உள்ளதை உறிஞ்சும். சாக்கடையில் வரும் உலோகமும் அதில் சேரும். அன்று அம்மா அள்ளி வந்ததை மூன்று முறை கழுவி அரைத்தோம் என்றாலும், இப்போதானால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். சமையலுக்கு வேண்டியதை உங்கள் தொட்டியில், நல்ல மண்ணில் வளர்த்துக்கொள்ளுங்கள்.

நான்கு கட்டில் அளவு பொடுதலையால் தில்லியின் தேனீக்களெல்லாம் பிழைத்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் இந்த நகரத்தில் எத்தனை குடியிருப்பு, எத்தனை பூங்கா, எத்தனை தாழ்ந்த மூலை! ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு கமிட்டி எதையோ பிடுங்கத் தீர்மானம் போட்டுக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு கூட்டத்திலும் கடைசி வரிசையில் நம்மவர் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அந்தச் செடியைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தவர் அந்த அறையில் அநேகமாக அவர் ஒருவராகத்தான் இருப்பார். நமக்கென்ன, நாம் நாளைக்கு ஊருக்குப் போகிறவர்கள் என்று சொல்லிக்கொண்டே பலர் இங்கே பேரன் பேத்தி எடுத்துவிட்டோம். இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து, இந்த ஆற்றுப்படுகையில் விளைந்த சுரைக்காயையும் தர்ப்பூசணியையும் தின்று வளர்ந்த குழந்தைகள் அவர்கள். அந்தக் காய்க்கும் ஒரு தேனீ வந்துதான் ஆகவேண்டியிருந்தது.

ஆகையால் அடுத்த கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். ஹிந்தி தப்பாக வந்தால் வரட்டும். அம்மா போன மார்கழியில் காலமானார். அவர் முந்தானையில் முடிந்த பொடுதலையில் இரண்டு தண்டை அன்றே மாடித் தொட்டியில் ஊன்றியிருந்தார். அது இப்போது தொட்டியை மீறி வழிகிறது. தண்டு வேண்டுபவர்கள் அடுத்த மாதச் சங்கக் கூட்டத்துக்கு வரும்போது ஒரு ஈரத்துணி கொண்டு வாருங்கள். கிள்ளிக் கொண்டுவந்து தருகிறேன்.